கடலூர் வெயிலில் எஞ்சினுக்குக் குளிருதாம்

கடலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரெட்டிச்சாவடியைத் தாண்டி, புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்குள் நுழைந்துவிட்டால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. (முள்ளோடைக்குப் போவது பெட்ரோலுக்கு மட்டும்தானா என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.) என்னைப் போலப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் டேங்கை அங்கேதான் நிரப்புவோம். இதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. விலை குறைவு என்ற திருப்தியில் மைலேஜ் சரிவது கண்ணில் படுவதில்லை. லிட்டருக்கு 15 கொடுத்த கார் 13 கொடுக்கும், அப்புறம் 12 கொடுக்கும், பில்லில் அது உறைக்காது.

எனக்கு உறைத்தது மூக்கு வழியாக. காலையில் காரை எடுத்துவிட்டு கேட்டைச் சாத்த இறங்கினால் பெட்ரோல் வாடை அடித்தது. சைலன்சர் முனையில் விரலை வைத்துத் தேய்த்தால் கண்மை மாதிரி கரி. இதோடு ஐடிலும், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் சுற்றும் வேகமும், கொஞ்சம் உயர்ந்தே நின்றது. வழக்கமாக நிமிடத்துக்கு 800 சுற்றுப் பக்கம் வந்து அடங்கும் முள், ஊரைத் தாண்டிய பிறகும் ஆயிரத்துக்கு மேலேயே இருந்தது. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மட்டும் எரியவில்லை. அதனால்தான் இதைத் தேடிப் பிடிக்க இவ்வளவு நாள் ஆனது.

ரிச் மிக்ஸிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது, காற்றுக்கு ஏற்ற அளவைவிடப் பெட்ரோல் அதிகம் போவதை. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்தால் இந்த எண் இறங்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5. இதைவிடக் காற்று குறைந்தால் மிச்சப் பெட்ரோல் எரியாமல் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியே போகும். கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கவைக்கும். இன்னும் கொஞ்சம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சூடேற்றிக் கெடுக்கும். கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டவர்கள் பெட்ரோல் செலவைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள்.

பேச்சு வந்ததும் அலுவலக நண்பர்கள் ஒரே குரலில் சொன்னது: எல்லாம் ஈ20 பெட்ரோலால்தான். இது பாதி உண்மை. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக ஈ20 போட்டால் கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டு ஆறேழு சதவீதம் மைலேஜ் குறையத்தான் செய்யும். ஆனால் எத்தனால் தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. அதனால் எஞ்சின் லீன் (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு) பக்கம் சாயுமே தவிர ரிச் பக்கம் சாயாது. மைலேஜ் குறைந்தால் ஈ20-ஐத் திட்டலாம், ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்தால் அதைத் திட்ட முடியாது.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய வைத்தியம், இன்றைக்கும் பொய் சொல்லாத வைத்தியம். நல்ல எரிப்பில் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. உலர்ந்த கரி, விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் கரி என்றால் ரிச். என் காரில் நான்கு பிளக்கும் ஒரே மாதிரி உலர்ந்து கறுத்திருந்தன. நான்கும் ஒன்றுபோல் என்பது முக்கியம். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் ஒன்று மட்டும் ஒழுகியிருந்தால் அந்த சிலிண்டரின் பிளக்தான் தனியாகக் கறுத்திருக்கும். மொத்தமும் கறுத்திருந்தால், எல்லாருக்கும் பொதுவாக ஆணையிடுகிற ஏதோ ஒன்றில் கோளாறு: பெட்ரோல் அழுத்தம், அல்லது ஈசிஎம் (எஞ்சினை நடத்தும் கணினி) நம்புகிற ஏதாவது ஒரு சென்சார்.

இந்த இடத்தில் ஒர்க்‌ஷாப்புகளில் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள், ஏர் பில்டர் மாற்றினார்கள், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி 'ரீசெட்' என்றார்கள். அடுத்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாம் என்றார்கள். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நியாயமான வேலைதான். ஆனால் ஏன் இதை மாற்றுகிறோம் என்று கேட்டால், 'மாத்திப் பார்த்தாத்தானே தெரியும் சார்' என்பதுதான் பதில். மாற்றிப் பார்க்கிற செலவு அவருடையது இல்லை என்பதை விடுங்கள். கார்புரேட்டர் காலத்தில் இது ஓரளவு சரிப்பட்டு வந்தது. காதால் கேட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, வாடையை வைத்து நிறுத்துகிற கைத்திறன் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. இன்றைக்கு எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிப்பது ஈசிஎம். அது தனக்குக் கிடைக்கிற எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறது. கணக்கு தப்பாது. தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான விடையைச் சரியாகப் போட்டுத் தரும். எனவே முதல் கேள்வி எந்தப் பாகம் கெட்டது என்பதில்லை. ஈசிஎம்முக்கு யார் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான்.

அதைக் கேட்பதற்குப் பெரிய ஸ்கேனர் வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற சின்ன புளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. போனில் ஒரு செயலி போட்டுக்கொண்டால் போதும். அதில் நான் முதலில் பார்த்தது பியூயல் டிரிம். ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் குழாயில் உட்கார்ந்து, எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது. ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கம், லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம். ஈசிஎம் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டுகிறது. அந்தச் சரிக்கட்டலின் அளவுதான் டிரிம். கூட்டல் என்றால் ஈசிஎம் பெட்ரோலை அதிகம் விடுகிறது, கழித்தல் என்றால் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

கறுப்புப் புகை விடும் காரில் இந்த ஒரு எண் பாதையை இரண்டாகப் பிரித்துவிடும். டிரிம் கழித்தலில் இருந்தால், எஞ்சின் ரிச்சாக ஓடுவது ஈசிஎம்முக்குத் தெரியும், குறைக்கப் பாடுபடுகிறது, அதையும் மீறி எங்கிருந்தோ பெட்ரோல் வருகிறது. டிரிம் கூட்டலில் இருந்து புகையும் கறுப்பாக இருந்தால் கதை வேறு. ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து 'லீன், லீன்' என்கிறது, ஈசிஎம் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். டிரிம் பார்க்காமல் ஆக்சிஜன் சென்சார் மாற்றச் சொல்வது எவ்வளவு குருட்டுத்தனம் என்று இதிலிருந்தே தெரியும்.

என் காரில் கழித்தல் 13. ஐடிலிலும் அதே, 2,500 சுற்றில் பிடித்துவைத்தாலும் அதே. இதுவும் ஒரு தடயம். இன்ஜெக்டர் ஒழுகினாலோ, டேங்க் ஆவியை உள்ளே விடுகிற பர்ஜ் வால்வு மூடாமல் கிடந்தாலோ, வேண்டாத பெட்ரோல் ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும். ஐடிலில் காற்று குறைவு என்பதால் அது பெரிதாகத் தெரியும், ஆக்சிலரேட்டர் அழுத்தினால் கரைந்துவிடும். எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் அதிகம் என்றால் கணக்கே அந்த விகிதத்தில் கூடியிருக்கிறது. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தோம். பெட்ரோல் அழுத்தம் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது.

அப்படியே பட்டியலில் கீழே இறங்கினேன். கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம்: 60 டிகிரி.

தவளக்குப்பம் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன், மே மாதம், வெளியே தார் உருகுகிற வெயில். எஞ்சின் 60 டிகிரியில் இருப்பதாக ஈசிஎம் நம்புகிறது. இருக்க வேண்டியது 90 பக்கம். 60 என்றால் இன்னும் சூடாகாத எஞ்சின். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஐடிலையும் தூக்கி வைக்க வேண்டும். முன்பு நாம் கையால் இழுத்துவிட்ட சோக்கின் வேலையை இப்போது இந்த ஒரு எண் செய்கிறது. சோக்கை உள்ளே தள்ள மறந்து ஓட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு மீதியை விளக்க வேண்டாம். சீரான ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் தலையிட்டுக் குறைத்துவிடுகிறது, அதுதான் அந்தக் கழித்தல் 13. ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களிலும், முழுதாக அழுத்தி ஓவர்டேக் செய்யும்போதும் ஈசிஎம் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதில்லை. கரி படிந்தது அங்கேதான்.

முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனைக் காட்டினேன். பார்த்ததுமே சொன்னார்: "தெர்மோஸ்டாட் தொறந்தே மாட்டிக்கிச்சு சார். கழட்டிப் போட்டுடுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?"

முதல் பாதி நல்ல ஊகம். இரண்டாம் பாதி நம் ஊரின் தீராத வியாதி. தெர்மோஸ்டாட் என்பது கூலண்ட் போகும் வழியில் இருக்கும் மெழுகு வால்வு. சூடு எண்பது டிகிரிக்கு மேல் ஏறும்வரை ரேடியேட்டருக்கு வழிவிடாது. அதைக் கழற்றிவிட்டால் ஹைவேயில் எஞ்சின் சூடாகவே ஆகாது. ஈசிஎம் குளிர்கால அளவிலேயே பெட்ரோல் விடும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது, தேய்மானம் கூடும். வெளியே 40 டிகிரி வெயில் என்பது எஞ்சினுக்குக் குளிர்தான், அதற்கு வேண்டியது 90. 'இந்த வெயிலுக்கு எதுக்கு' என்று கழற்றி எறியப்பட்ட தெர்மோஸ்டாட்டுகளைச் சேர்த்தால் அரியாங்குப்பத்தில் ஒரு பழைய இரும்புக் கடை நடத்தலாம்.

ஆனால் என் காரில் தெர்மோஸ்டாட் இருந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் உண்மையிலேயே 60-ல்தான் இருக்கிறதா என்று வேறொரு சாட்சியைக் கேட்க வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கிற இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கினேன். தெர்மோஸ்டாட் இருக்கும் வார்ப்பின் மேல் பிடித்தால் 88. அதே நொடியில் ஈசிஎம்மின் கணக்கில் 60. எஞ்சின் சூடாகத்தான் இருக்கிறது, சேதிதான் போய்ச் சேரவில்லை.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இரவெல்லாம் நின்ற காரில் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலண்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டும். இது எல்லாரும் சொல்லித்தருகிற சோதனை. என் காரில் காற்று 30, கூலண்ட் 25. ஐந்து டிகிரி வித்தியாசம் கண்ணை உறுத்தாது. காலையில் ஐந்து டிகிரி பொய் சொல்கிற சென்சார், எஞ்சின் சூடானதும் முப்பது டிகிரி பொய் சொல்வது எப்படி?

கூலண்ட் சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும், நேர்கோட்டில் இறங்காது, முதலில் விழுந்தடித்து இறங்கும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 30 டிகிரியில் சுமார் 1,700 ஓம், 60-ல் 600 ஓம், 90-ல் வெறும் 240 ஓம். இப்போது வழியில் எங்கேயோ ஒரு இணைப்பு கெட்டு, 350 ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்துவிட்டதென்று வையுங்கள். காலையில் 1,700 என்பது 2,050 ஆகும். அது 25 டிகிரிக்கு உரிய எண். எஞ்சின் சூடான பிறகு 240 என்பது 590 ஆகும். அது 60 டிகிரிக்கு உரிய எண். ஒரே 350 ஓம்தான். குளிரில் அது ஓரம், சூட்டில் அதுதான் பெரும்பான்மை. இந்தக் கணக்கு நோட்டில் இவ்வளவு அழகாகப் பொருந்தி வந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஊகத்தை உறுதிசெய்ய ஒரு துண்டு வயர் போதும். இக்னிஷனைப் போட்டு, சென்சாரின் கப்ளரை (வயரை மாட்டும் இணைப்பை) கழற்றினால் திரையில் மைனஸ் 40 வர வேண்டும், வந்தது. (பெரும்பாலான கார்களில் அப்போது ரேடியேட்டர் பேன் தானாக ஓடத் தொடங்கும், பயப்பட வேண்டாம்.) பிறகு கப்ளரின் இரண்டு பின்களையும் வயரால் சேர்த்தால் தடை பூஜ்யம், திரை உச்ச வெப்பத்துக்குத் தாவ வேண்டும், 130-ஓ அதற்கு மேலோ. என் காரில் 77-ல் நின்றுவிட்டது. சென்சாரையே கழற்றிவிட்ட பிறகும் வயரிங்கில் 350 ஓம் உட்கார்ந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம். புது சென்சார் வாங்கிப் போட்டிருந்தாலும் அதே 60 தான் வந்திருக்கும். அப்புறம் 'ஈசிஎம் போச்சு' என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

எஞ்சின் விளக்கு ஏன் எரியவில்லை என்பதும் இதிலேயே புரிந்தது. வயர் அறுந்தால் மைனஸ் 40, ஷார்ட் ஆனால் 130. இந்த இரண்டையும் ஈசிஎம் சந்தேகப்படும், விளக்கைப் போடும். 60 டிகிரி என்பது நம்பக்கூடிய எண். நம்பக்கூடிய பொய்க்கு என் காரின் ஈசிஎம்மிடம் விளக்கு இல்லை. டிரிம் 13 வரை போனாலும் அது சமாளிக்கிற எல்லைக்குள்தான் வருகிறது. இருபதுகளைத் தாண்டிப் போனால்தான் பி0172 என்ற 'ரிச்' கோடு விழும்.

பெட்ரோல் வீணாவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இதற்குள் ஒளிந்திருந்தது. ரேடியேட்டர் பேனை எப்போது போடுவது என்று தீர்மானிப்பதும் இதே எண்தான். வெப்பமானியை நீட்டிப் பிடித்தபடி, ஏசி போடாமல், நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டேன். 95, 98, 101 என்று ஏறியது. பேன் அசையவில்லை. ஈசிஎம்மைப் பொறுத்தவரை எஞ்சின் இன்னும் எழுபதையே தொடவில்லை. ஏசியைப் போட்டதும் பேன் சுற்றியது, வெப்பம் இறங்கியது. ஏசி ஓடினால் பேனும் ஓடும் என்பது பெரும்பாலான கார்களில் உள்ள ஏற்பாடு. இந்த ஊரில் கோடையில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? அதனால்தான் கார் ஒரு தடவைகூட ஓவர்ஹீட் ஆகவில்லை. ஏசி கெட்டுப்போன ஏதோ ஒரு நாளில், மரப்பாலம் சிக்னல் நெரிசலில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

முதலியார்பேட்டை பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். கப்ளரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "களிம்பு ஏறியிருக்கு பாருங்க. வீடு எங்க சார்? தேவனாம்பட்டினமா?" எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றால், கடற்கரைக் கார்களெல்லாம் இப்படித்தான் வரும் என்றார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்ததே, அதில் முழுகிய கார்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தனவாம். என் கார் வெள்ளத்தில் நிற்கவில்லை. சில்வர் பீச்சின் உப்புக்காற்றில் வருடக்கணக்கில் திறந்தவெளியில் நின்றதே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. கப்ளரின் ரப்பர் சீல் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. உப்பும் ஈரமும் அந்த வழியாக உள்ளே போயிருக்கின்றன.

கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பின்னைத் துடைத்தால் போதாதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வயரின் தோலை ஒரு அங்குலம் சீவினார். உள்ளே செம்பு கறுத்துப் பச்சையேறி இருந்தது. இன்னும் ஒரு அங்குலம், இன்னும் கொஞ்சம், செம்பு செம்பாகத் தெரிகிற இடம்வரை சீவிக்கொண்டே போனார். களிம்பு பின்னில் தொடங்கி இழைகளின் வழியே உள்ளே ஊர்ந்துவிடும், முனையை மட்டும் துடைத்தால் இரண்டு மாதத்தில் திரும்பி வருவீர்கள் என்றார். வயர் ஒட்டிய புது கப்ளர் ஒன்றை எடுத்து, சால்டர் வைத்து, பசையோடு கூடிய ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி மூடி, பின்களின் மேல் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினார். கப்ளரும் கூலியுமாக ஒரு டேங்க் பெட்ரோலில் கால்வாசி செலவுகூட ஆகவில்லை. அந்த ஆக்சிஜன் சென்சாரின் விலையை நினைத்துக்கொண்டேன்.

வயரால் சேர்த்துப் பார்த்தபோது திரை இப்போது 77-ல் நிற்கவில்லை, உச்சிக்குத் தாவியது. பழைய சென்சாரையே மாட்டினோம். சூடானதும் 89. ஏசி இல்லாமல் நிறுத்திவைத்தால் தொண்ணூறுகளின் பாதியில் பேன் சுற்றுகிறது, இறங்கியதும் நிற்கிறது. ஐடில் 780-க்கு வந்துவிட்டது. டிரிம் உடனே மாறிவிடாது, கற்றுக்கொண்டதை அது மெல்ல மெல்லத்தான் மறக்கும். கடலூர், புதுச்சேரி என்று போய் வந்துகொண்டே இருந்ததில் கழித்தல் 13 ஒன்பதாகி, ஐந்தாகி, இப்போது கூட்டல் இரண்டில் நிற்கிறது. அந்தக் கூட்டல் இரண்டு ஈ20-இன் பங்காக இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை இருந்ததால் ஆயிலைத் தேதி வரும்வரை காத்திராமல் மாற்றினேன். இதைச் செய்யாமல் விட்டால், நீர்த்த ஆயிலிலிருந்து கிளம்பும் பெட்ரோல் ஆவி பிரீதர் குழாய் வழியாக மறுபடி எஞ்சினுக்குள் போய், சரியான எஞ்சினையும் கொஞ்ச நாள் ரிச்சாகக் காட்டும். மைலேஜ் 14-ஐத் தாண்டிவிட்டது, 15-ஐ இன்னும் தொடவில்லை.

பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததில், கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் வீடு இருக்கும் நண்பர் ஒருவர் தன் காரையும் பார்க்கச் சொன்னார். அதே கறுப்புப் புகை, அதே உலர்ந்த கரி, அவர் வீடும் கடற்கரையில். கூலண்ட் கப்ளரைத் தயாராகக் கழற்றியே வைத்திருந்தார். மாட்டச் சொல்லி, அடாப்டரைச் செருகினேன். கூலண்ட் 91, டிரிம் கூட்டல் 17. அவருடையது அந்த இரண்டாவது பாதை. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எங்கேயோ எக்ஸாஸ்ட் கசிந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு சென்சார் ஏமாறும். மேனிபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் கரி வரி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே 'டிக் டிக்' என்று கேட்கும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கிவிடும், அதனால் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கேட்காது. ஆக்சிஜன் சென்சாருக்கு ஆர்டர் போட ஏற்கெனவே பேசிவிட்டாராம். அதற்குள் ஒரு காலை சீக்கிரம் எழுந்து பானெட்டைத் திறந்து காதை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.